குறை எப்போது பலமாகும்? ஒரு ஜூடோ பயிற்சியாளரின் பதில்

கேள்வி இது: "எதிராளி எல்லா விதத்திலும் என்னைவிடப் பெரியவர். ஆள், பணம், அனுபவம், பெயர் எல்லாம் அவர் பக்கம். 'உன் பலவீனத்தையே பலமாக்கிக்கொள்' என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். இது நிஜமாகவே நடக்கிற காரியமா, இல்லை தோற்கப்போகிறவனுக்குச் சொல்லும் ஆறுதலா?" கேட்டவர் சின்னவன் ஜெயித்த கதைகளைக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவை அவருக்கு ஏற்கெனவே திகட்டத் திகட்டக் கிடைத்திருக்கும். அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு விஷயம். ஒருவனுடைய குறைக்கும் அவன் வெற்றிக்கும் நடுவே காரணம் என்று சொல்லத்தக்க தொடர்பு ஏதாவது உண்டா? உண்டென்றால், தன்னிடம் இருப்பது அந்த வகைக் குறைதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் 24 வருடமாக ஜூடோ சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு முன் 60 கிலோ பிரிவில் போட்டிகளில் ஆடியவன். உயரம் 160 சென்டிமீட்டர். சின்ன உடம்போடு பெரிய உடம்பை எதிர்கொள்வது எனக்குத் தினசரி வேலை. ஆகவே மேட்டின் (ஜூடோ ஆடும் விரிப்பின்) மேல் நடப்பதைப் பற்றி நான் சொல்வதை நம்பலாம். போர்களைப் பற்றிச் சொல்லப்போவது ஆர்வத்தில் படித்தது. மனசைப் பற்றிச் சொல்லும் இடங்களில் என்னைக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். அங்கே நான் ஒருமுறை பலமாகச் சறுக்கியிருக்கிறேன், அதையும் சொல்கிறேன்.

உயரமான ஆளும் குட்டையான ஆளும் மேட்டில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரமானவர் கையை மேலே கொண்டுபோய்க் குட்டையானவரின் பிடரிக்குப் பின்னால் உடுப்பைப் பிடித்துக் கீழே அழுத்துவார். அந்தப் பிடி விழுந்துவிட்டால் தலை நிமிராது, மூச்சு முட்டும், கை எங்கும் எட்டாது. புதிதாக வரும் பிள்ளைகள் இந்த இடத்தில் செய்வது ஒரே தவறுதான்: முழு பலத்தையும் போட்டு நிமிரப் பார்ப்பார்கள். இருபது நொடியில் தோளும் முதுகும் செத்துவிடும். நான் சொல்லிக்கொடுப்பது, அவர் அழுத்தட்டும் என்பது. அவர் கீழே அழுத்தும்போது அவருடைய எடை முன்னங்காலுக்குப் போகிறது. குதிகாலுக்கும் மேட்டுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி வந்தால் போதும். அந்த நொடியில் அவருடைய சட்டைக் கையை முன்னால் இழுத்தபடியே உள்ளே திரும்பி, முழங்கையை அவர் அக்குளுக்குக் கீழே செருகி, இரண்டு பாதத்தையும் அவர் பாதங்களுக்கு நடுவில் வைத்துவிட்டால், என் இடுப்பு அவருடைய பெல்ட்டுக்குக் கீழே இருக்கும். பிறகு முழங்காலை நிமிர்த்துவது ஒன்றுதான் பாக்கி. அவர் என் தோளுக்கு மேலே போய் முதுகில் விழுவார். செயோ நாகே என்று பெயர். உயரமானவர் இதே வீச்சைக் குட்டையானவர் மேல் செய்ய வேண்டுமென்றால் உட்கார்ந்து எழுவதுபோல முழங்காலை மடக்க வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் மற்றவன் விலகிவிடுவான்.

இங்கே குட்டையாக இருப்பது ஆறுதல் வார்த்தை இல்லை, நிஜமான சாதகம். ஆனால் அதே உயரமானவர் கையை நீட்டி விறைப்பாக வைத்துக்கொண்டு என்னை ஒரு கை தூரத்திலேயே நிறுத்திவிட்டால்? என் கை அவர் காலரைக்கூடத் தொடாது. கால் எட்டாது. ரெஃப்ரி எனக்குத்தான் தாக்காமல் நிற்பதற்கான எச்சரிக்கை கொடுப்பார். உயர வித்தியாசம் மாறவே இல்லை. எட்டி நின்றால் அது எனக்குப் பாதகம், ஒட்டி நின்றால் சாதகம். உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலின் சாரம் இந்த ஓர் அடி தூரத்துக்குள்ளேயே இருக்கிறது. குறை தானாகப் பலம் ஆவதில்லை. எதிராளியின் பலம் என்று நாம் சொல்வது எப்போதும் ஏதோ ஒரு தூரத்தில், ஒரு வேகத்தில், ஒரு விதிக்குள் வேலை செய்கிற பலம். அதைவிட்டு அவரை வெளியே கொண்டுவந்தால் அந்தப் பலம் அவர் தலைமேல் சுமை.

ஜூடோவை உண்டாக்கிய ஜிகோரோ கானோவே சிறிய உடம்புக்காரர்தான். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடிவாங்கியதால் ஜூஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைக் கற்கப் போனவர், 1882-ல் கோடோக்கன் என்ற தன் ஜூடோ பள்ளியைத் தொடங்கினார். அவர் விளக்கும் ஒரு கணக்கு உண்டு. எதிரே நிற்பவன் பலம் 10, என் பலம் 7. அவன் தள்ளுகிறான், நான் எதிர்த்துத் தள்ளினால் தோற்பேன். எதிர்க்காமல், அவன் தள்ளும் அளவுக்கே பின்வாங்கி, என் நிலை மட்டும் கலையாமல் பார்த்துக்கொண்டால் அவன் முன்னால் சாய்கிறான். சாய்ந்த நிலையில் அவனால் பயன்படுத்த முடிவது 10-ல் 3 மட்டும். என்னிடம் 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதி போதும் அவனைத் தூக்கிப்போட.

இந்தக் கணக்கைச் சொல்கிறவர்கள் எல்லோரும் 10 எப்படி 3 ஆனது என்பதைத்தான் வியப்பார்கள். நான் பிள்ளைகளிடம் 7-ஐப் பார்க்கச் சொல்வேன். கானோவின் சின்னவனிடம் 7 இருந்தது. 2 மட்டும் இருந்திருந்தால் எதிராளி சாய்ந்த பிறகும் அவனால் ஒன்றும் செய்ய முடியாது. 3-ஐ 2 தூக்காது. நிலை கலையாமல் பின்வாங்குவதற்கே நல்ல கால் பலம் வேண்டும். எளியவன் வலியவனை வென்ற கதைகளில் இந்த 7 எங்கிருந்து வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. பெரும்பாலும் அது பல வருடச் சலிப்பான பயிற்சி. கதையில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

இன்னொன்றும் உறுதியாகச் சொல்ல முடியும்: இந்தச் சாதகத்துக்குக் காலாவதித் தேதி உண்டு. ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்ஸில் சேர்ந்தது 1964-ல், டோக்கியோவில். அதற்கு முந்தைய உலகச் சாம்பியன்ஷிப்களில் எடைப் பிரிவே கிடையாது. நுட்பம் எடையை வெல்லும் என்பது நம்பிக்கை. 1961-ல் பாரிஸில் ஆன்டன் ஹேசிங்க் என்கிற நெதர்லாந்துக்காரர் உலகப் பட்டம் வென்றார். ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. முரட்டு பலத்தால் வென்றார் என்று சொல்லித் தப்பிக்க முடியாது, ஜப்பானியர்களிடமே நுட்பம் கற்றவர். டோக்கியோவில் எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில் அகியோ கமினாகாவைக் கேசா கதாமே பிடியில் மேட்டோடு சேர்த்து அமுக்கித் தங்கம் வாங்கினார். உற்சாகத்தில் மேட்டுக்கு ஓடிவந்த தன் நாட்டுக்காரர்களைக் கை உயர்த்தி நிறுத்தினார் என்பதுதான் பலரும் நினைவில் வைத்திருக்கும் காட்சி. எனக்கு அதைவிட முக்கியம் அடுத்த வருடம் நடந்தது. 1965 முதல் உலகச் சாம்பியன்ஷிப்பிலும் எடைப் பிரிவுகள் வந்துவிட்டன. சின்னவனின் ஆயுதத்தைப் பெரியவனும் கற்றுக்கொண்டால் மறுபடியும் பெரியவன்தான் ஜெயிப்பான் என்பதை ஜூடோ உலகமே ஒப்புக்கொண்டதுபோல நான் அதைப் பார்க்கிறேன். எங்கள் கலையைப் பற்றிப் பெருமையாகப் பேசும் கூட்டங்களில் இதைச் சொன்னால் கைதட்டு வராது.

உயரம் தாண்டுதலிலும் இதே கதை. டிக் ஃபாஸ்பரி அன்றைய வழக்கமான முறையில் நன்றாகத் தாண்ட முடியாத பையன். முதுகைக் கீழே காட்டி மல்லாந்து தாண்டும் முறையை அவர் கண்டுபிடித்ததற்கு அந்த இயலாமை ஒரு காரணம். விழும் இடத்தில் மணலுக்குப் பதில் நுரை மெத்தை வந்திருந்தது இன்னொரு காரணம். மணலில் மல்லாந்து விழுந்தால் கழுத்து போயிருக்கும். 1968-ல் மெக்சிகோவில் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம். 1972 ஒலிம்பிக்ஸ் அணிக்கு அவரால் தேர்வாக முடியவில்லை. அதற்குள் உலகமே அவர் முறைக்கு மாறத் தொடங்கியிருந்தது.

தூரம், இடம் என்று நான் சொல்வது தமிழில் புதிதில்லை. திருக்குறளில் இடனறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. வேல் பிடித்த வீரர்களுக்கு அஞ்சாத யானையும் கால் புதையும் சேற்றில் சிக்கினால் நரிக்கு இரை என்பது அதன் கடைசிக் குறள். நரிக்கு அங்கே புதிதாகப் பலம் எதுவும் வந்துவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். சேற்றில் யானையின் எடையே யானைக்கு எதிரி. நரி லேசாக இருப்பதால் புதையவில்லை. அதன் குறை சாதகமானது அந்தச் சேற்றில் மட்டும். காய்ந்த தரைக்கு வந்தால் நரி ஓட வேண்டியதுதான்.

இதை வரலாற்றில் அப்படியே செய்து காட்டியவர்கள் உண்டு. வடக்கு வியட்நாமில் பாக் டாங் என்று ஓர் ஆறு. கடலோடு சேரும் இடம் என்பதால் தண்ணீர் மட்டம் ஓதத்தோடு ஏறி இறங்கும். 938-ல் தென் சீனாவை ஆண்ட தெற்கு ஹான் அரசின் கப்பற்படை அந்த ஆற்றுக்குள் வந்தபோது, ஙோ குயென் என்ற தளபதி ஆற்றின் அடியில் இரும்பு முனை பொருத்திய மரக்கழிகளை வரிசையாக அறைந்து வைத்திருந்தார். தண்ணீர் ஏறியிருக்கும்போது கழிகள் வெளியே தெரியாது. சிறிய படகுகள் போய்ச் சண்டைக்கு இழுத்து, தோற்று ஓடுவதுபோல ஆற்றுக்குள் பின்வாங்கின. பெரிய கப்பல்கள் துரத்தி வந்தன. தண்ணீர் வடிந்தபோது கப்பல்கள் கழிகளில் குத்திக்கொண்டு நின்றன. லேசான படகுகள் திரும்பி வந்து தாக்கின. அதே ஆற்றில், 1288-ல், திரான் ஹுங் டாவ் மங்கோலிய யுவான் படைக்கு எதிராக அதே வேலையைச் செய்தார். 350 வருடம் கழித்து அதே பொறி! காலாவதித் தேதி உண்டு என்று இப்போதுதான் சொன்னேன். எதிராளி மாறிவிட்டால் அந்தத் தேதி நீண்டுவிடும் போலிருக்கிறது.

1288-ல் இன்னொரு விஷயம் கூடவே நடந்தது. வந்த பெரும்படைக்கு முன்னால் வியட்நாமியர்கள் தலைநகரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள், தானியத்தை மிச்சம் வைக்காமல். மங்கோலியரின் உணவுக் கப்பல்களை வழியிலேயே மறித்து அழித்தார்கள். படை பெரிதாக இருந்தால் வயிறும் அத்தனை. பாக் டாங்கில் மாட்டிய படை முன்னேறி வந்துகொண்டிருந்த படை இல்லை, சாப்பாடில்லாமல் திரும்பிக்கொண்டிருந்த படை. கழிகள் மட்டும் போரை ஜெயித்ததாகச் சொல்வது அழகான கதை. பசியையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு சரிவரும்.

அடுத்து நேரம். இதில் அடிப்படைக் கணக்கு சந்தேகத்துக்கு இடமில்லாதது. ஒரு தனி ஆட்டத்தில் நீங்கள் ஜெயிக்கும் வாய்ப்பு 100-க்கு 30 என்று வையுங்கள். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிக்க வேண்டும் என்றால் அந்த வாய்ப்பு 21.6 ஆகக் குறைகிறது. ஏழில் நான்கு என்றால் 12.6. ஆட்டம் நீள நீள, தீர்மானிக்கும் தருணங்கள் கூடக் கூட, பலசாலியின் பலம் வெளியே வந்தே தீரும். ஆகவே சின்னவன் தருணங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். ஜூடோவில் இப்போன், அதாவது எதிராளியைச் சுத்தமாக முதுகில் வீழ்த்துவது போன்றதற்குக் கிடைக்கும் முழுப் புள்ளி, விழுந்தால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மூன்று நிமிடம் அடிபட்டவனும் ஒரு நொடியில் ஜெயித்துவிடலாம். எனக்கு இந்த விதி கொடுத்த சோறு கொஞ்சநஞ்சமில்லை.

கால்பந்தில் 2004 யூரோ கோப்பையைப் பாருங்கள். கிரீஸ் அதற்கு முன் பெரிய போட்டித் தொடர்களில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. பயிற்சியாளர் ஓட்டோ ரேஹாகல், ஆளுக்கு ஆள் ஒட்டிக் காவல் காக்கும் பழைய பாணியில் எதிரணியின் ஆட்டத்தையே நெரித்தார். காலிறுதியில் பிரான்ஸ், அரையிறுதியில் செக் குடியரசு, இறுதியில் சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகல். மூன்றிலும் 1-0. மூன்று கோலும் தலையால் முட்டிய கோல். கடைசி இரண்டும் கார்னரில் இருந்து வந்தவை. 'பார்க்க அலுப்பாக இருந்தது' என்று அப்போது பலர் திட்டினார்கள். அந்த அலுப்புதான் திட்டம். ஆட்டத்தில் நடக்கிற சம்பவங்களைக் குறைத்துவிட்டு, தாங்கள் நன்றாகப் பயிற்சி செய்த ஒரே சம்பவத்துக்காகக் காத்திருந்தார்கள். அடுத்த 2006 உலகக் கோப்பைக்கு அவர்கள் தகுதி பெறவில்லை. 2008 யூரோவில் மூன்று ஆட்டமும் தோல்வி. இதனால் 2004 வெற்றி குருட்டு அதிர்ஷ்டம் ஆகிவிடாது. முப்பது சதவீத வாய்ப்பைத் தேடிப்போய்ப் பிடித்தவனுக்கு அடுத்த முறையும் அதே முப்பதுதான்.

ஆனால் 'சீக்கிரம் முடி' என்பதை விதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மங்கோலியர் விஷயத்தில் நேரத்தை இழுத்ததுதான் வியட்நாமியருக்கு உதவியது. கேட்க வேண்டியது, நாள் போகப்போக யாருக்கு அதிகம் செலவாகிறது என்று. 1939 நவம்பர் 30 அன்று சோவியத் யூனியன் பின்லாந்துக்குள் நுழைந்தது. காட்டுக்குள் ஒற்றைச் சாலை, இருபுறமும் ஆழமான பனி. லாரியும் டாங்கியும் சாலையைவிட்டு இறங்க முடியாது. பின்லாந்து வீரர்கள் பனிச்சறுக்கில் மரங்களுக்கு நடுவே வந்து, நீண்டு கிடந்த வரிசையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். மொட்டி என்று அந்தத் துண்டுகளுக்குப் பெயர். அளந்து அடுக்கிய விறகுக் கட்டுக்கு அவர்கள் மொழியில் வழங்கும் சொல். சமையல் வண்டிகளைக் குறிவைத்துச் சுட்டார்கள். அந்தக் குளிரில் சூடான சாப்பாடு இல்லாத படை எத்தனை நாள் தாங்கும்? 1940 ஜனவரி தொடக்கத்தில் ராத்தே சாலையில் ஒரு முழு டிவிஷனே அப்படிச் சிதைந்தது.

வீரக் கதை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். பிப்ரவரியில் சோவியத் தளபதிகள் பாடம் கற்று வந்தார்கள். காட்டுச் சாலைகளில் மாட்டிக்கொள்ளாமல், கரேலிய நிலச்சந்தியில் பீரங்கிகளைக் குவித்து நாள்கணக்கில் அடித்து அரணை உடைத்தார்கள். அங்கே காடு உதவவில்லை, பனிச்சறுக்கு உதவவில்லை. 105 நாளில் போர் முடிந்தது. பின்லாந்து தன் நிலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்தது. 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டைவிட்டு இடம் பெயர்ந்தார்கள். நாடு பிழைத்தது, சுதந்திரம் தப்பித்தது. அதை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? என்னைக் கேட்டால், சின்னவன் மோதலுக்கு முன்னாலேயே தனக்கு எது வெற்றி என்று வேறு அளவுகோலில் முடிவு செய்துகொள்வது நல்லது. பிழைத்திருப்பதே வெற்றி என்றால் அதற்கான ஆட்டம் வேறு.

இந்த உதாரணங்களை நான் பொறுக்கித்தான் கொடுத்தேன் என்று நீங்கள் சொல்லலாம், சரிதான். பொறுக்காமல் எண்ணிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. ஐவன் அரெகின்-டாஃப்ட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர், 1800 முதல் 1998 வரை பலத்தில் பெரிய ஏற்றத்தாழ்வு இருந்த ஏறக்குறைய 200 போர்களை எடுத்துக்கொண்டு 2001-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார். மொத்தத்தில் பலசாலிகள் ஜெயித்தது சுமார் 71 சதவீதம். இரு தரப்பும் ஒரே வகையில் (நேரடிப் போருக்கு நேரடிப் போர் என்பதுபோல) மோதியபோது பலசாலிகளின் வெற்றி இன்னும் கூடியது, சுமார் 76. எளிய தரப்பு எதிர் வகையில் (நேரடிப் போருக்குக் கெரில்லாப் போர் என்பதுபோல) ஆடியபோது நிலைமை தலைகீழ்: எளியவர்கள் 60 சதவீதத்துக்கு மேல் ஜெயித்தார்கள். என் மேட்டு அனுபவத்தோடு இது பொருந்துவதால் எனக்கு இதைப் பிடிக்கும். பிடிக்கிறது என்பதாலேயே கவனமாகவும் இருக்கிறேன். எந்தப் போர் எந்த வகை என்று பிரிப்பது தராசில் நிறுப்பதுபோல இல்லை, அது ஆய்வாளரின் தீர்ப்பு. வழியை மாற்றியதால் ஜெயித்தார்களா, ஏற்கெனவே ஜெயிக்கத்தக்க நிலையில் இருந்தவர்களால்தான் வழியை மாற்ற முடிந்ததா என்பதையும் இந்த எண்கள் மட்டும் சொல்லிவிடாது. காடும் மலையும் இல்லாதவன் கெரில்லாப் போர் எங்கே நடத்துவான்? அதோடு, இன்னொரு பக்கம் பாருங்கள்: மொத்தக் கணக்கில் பத்துக்கு ஏழு முறை பெரியவன்தான் ஜெயிக்கிறான். அந்த ஏழைப் பற்றி யாரும் கதை எழுதுவதில்லை.

இனி சந்தேகமான பகுதி. கஷ்டம் மனிதனைக் கூர்மையாக்கும் என்கிறார்கள். அடிபட்டவனுக்கு உறுதி வரும், இல்லாமை புத்திசாலித்தனத்தைக் கொடுக்கும் என்று. இதை நான் பல வருடம் நம்பினேன், மேடையில் சொல்லவும் செய்தேன். இப்போது அந்த அளவுக்கு நம்பிக்கை இல்லை. சிறு வயதில் படும் கடுமையான துன்பங்கள் கூடக் கூடப் பிற்காலத்தில் உடல்நோயும் மனநோயும் கூடுகின்றன என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு. கஷ்டம் சிலரைத் தீட்டுகிறது, பலரைத் தேய்த்துவிடுகிறது. தீட்டப்பட்டவர்கள் பேட்டி கொடுக்கிறார்கள், தேய்ந்தவர்களிடம் யாரும் மைக்கை நீட்டுவதில்லை.

இங்கே ஒரு வேறுபாடு எனக்கு உதவியாக இருக்கிறது: குறை 'இருந்தும்' ஜெயிப்பது வேறு, குறை 'இருந்ததால்' ஜெயிப்பது வேறு. ஹங்கேரியின் கரோலி டகாச் துப்பாக்கி சுடுவதில் கெட்டிக்காரர். 1938-ல் ராணுவப் பயிற்சியில் கையெறிகுண்டு வெடித்து வலது கை சிதைந்தது. யாருக்கும் தெரியாமல் இடது கையால் பழகி, 1948 லண்டனிலும் 1952 ஹெல்சிங்கியிலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். மெய்சிலிர்க்கும் கதை. ஆனால் இடது கை அவருக்கு வலது கையைவிடச் சிறந்த கையாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. அவர் இழப்பை ஈடுகட்டினார். இதை வைத்துக்கொண்டு இழப்பு நல்லது என்று சொல்வது அந்த மனிதரின் உழைப்பைத் திருடி குண்டுக்குக் கொடுப்பதற்குச் சமம்.

'இருந்ததால்' வகைக்கு நல்ல உதாரணம் இடது கைக்காரர்கள். மக்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் இடது கைப் பழக்கம் உள்ளவர். வாள்சண்டை, குத்துச்சண்டை போல ஒருவரை ஒருவர் நேரடியாக எதிர்கொள்ளும் விளையாட்டுகளின் மேல்மட்டத்தில் அவர்கள் அதைவிட அதிகமாகத் தென்படுகிறார்கள். காரணம் எளிது. அவர்கள் தினமும் வலது கைக்காரர்களோடு மோதிப் பழகுகிறார்கள்; வலது கைக்காரர்கள் எப்போதாவதுதான் இடது கைக்காரரைச் சந்திக்கிறார்கள். மேட்டில் இதை நான் தினமும் பார்க்கிறேன். இடது பிடிக்காரன் வந்து நின்றால் நல்ல ஆட்டக்காரனுக்கும் முதல் ஒரு நிமிடம் கால் எங்கே வைப்பது என்று குழம்பும். நீச்சல்போல எதிராளியைத் தொடாத விளையாட்டில் இந்தச் சாதகம் காணப்படுவதில்லை. நாளைக்கே பாதிப்பேர் இடது கைக்காரர் ஆகிவிட்டால் அதுவும் ஆவியாகிவிடும். ஆக அது கையில் இருக்கும் சக்தி இல்லை, எதிராளி பழகாமல் விட்ட மூலை.

என் சறுக்கல் இங்கேதான். என்னிடம் ஒரு பையன் இருந்தான். வலது தோளில் பழைய காயம், கையை முழுதாக உயர்த்த முடியாது. முன்பு ஒரு பெண் இடது பிடிக்கு மாறி நன்றாக வந்திருந்ததால், "உன் தோள்தான் உன் ஆயுதம், இடது பக்கம் மாறு, எவனும் எதிர்பார்க்க மாட்டான்" என்று உற்சாகமாகச் சொல்லி மாற்றினேன். இடது பிடியிலும் வலது கை சும்மா இருக்காது, எதிராளியின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாததா? கதையில் மயங்கிவிட்டேன். ஐந்து மாதத்தில் தோள் மோசமாகி இரண்டு வருடம் மேட்டுக்கே வரவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது பிசியோதெரபியும் ஓய்வும். அந்தப் பெண்ணுக்கு இருந்தது வெறும் பழக்க வித்தியாசம். அவனுக்கு இருந்தது காயம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டது என் தப்பு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குறைகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரிலும் 'இதனால் எதிராளிக்கு என்ன சிரமம்?' என்று எழுதிப் பாருங்கள். உங்களுக்கு என்ன நன்மை என்று எழுதாதீர்கள். அப்படிக் கேட்டால் மனசு ஏதாவது ஆறுதலைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். ஆள் குறைவு என்றால், அதனால் முடிவெடுப்பது வேகமாக இருந்து, அந்த வேகத்துக்கு எதிராளியால் ஈடுகொடுக்க முடியாது என்றால் சரி. ஆள் குறைவால் எல்லோரும் களைத்துத் தவறு செய்கிறார்கள் என்றால் அது காயம், அதற்கு மருந்துதான் பார்க்க வேண்டும். பெரும்பாலான குறைகளுக்கு எதிரில் ஒன்றும் எழுத வராது. எனக்கு என் விஷயத்தில் எழுத வந்தது இரண்டுதான்: உயரமும், யாரும் என்னைப் பெரிதாக நினைக்காததும். மூச்சுத் திணறல் இருந்தது, அதற்கு எதிரில் கடைசிவரை ஒன்றும் எழுத முடியவில்லை, மருந்து போட்டுக்கொண்டுதான் ஆடினேன்.

எழுத வந்த அந்த ஒன்றிரண்டுக்கும், எதிராளியை அந்த இடத்துக்கு எப்படி வரவைப்பது என்பதுதான் மீதி வேலை முழுவதும். பெரியவர் தானாகச் சேற்றுக்குள் இறங்க மாட்டார். பாக் டாங்கில் படகுகள் தோற்று ஓடுவதுபோல நடிக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒட்டி நிற்பது வேண்டும் என்றால், அவர் என் பிடரியைப் பிடிப்பதற்கு நான் இடம் கொடுக்க வேண்டும். அந்தப் பிடியில் சில நொடி வலியோடு இருக்க வேண்டும். அவர் அதைத் தன் வெற்றியென்று நினைக்க வேண்டும். இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுப்பதுதான் எனக்கு மிகச் சிரமம். வீச்சை மூன்று மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். பிடியை விட்டுக்கொடுத்துக் காத்திருக்க இரண்டு வருடம் ஆகும், சிலருக்கு வரவே வராது.

உங்கள் கேள்வியில் எதிராளி யார், போட்டி ஒருநாள் விஷயமா வருடக்கணக்கில் இழுப்பதா, தோற்றால் உங்களுக்கு எவ்வளவு போகும் என்ற மூன்றும் இல்லை. அவற்றைப் பொறுத்து நான் மேலே சொன்னதில் பாதி உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம். முக்கியமாகக் கடைசியது: ஒருமுறை தோற்றால் மறுபடி எழ முடியாத நிலை என்றால், 30 சதவீத வாய்ப்பைத் தேடிப் போகும் ஆட்டத்தை நான் ஆடச் சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் கையை எடுத்துக் கும்பிட்டு மேட்டைவிட்டு இறங்கி, வேறு எடைப் பிரிவில் பெயர் கொடுப்பதும் ஒரு நல்ல வழிதான். நானே அப்படி ஒருமுறை 66-லிருந்து 60-க்கு இறங்கியவன்.